சீட்டைத் தூக்கினால் போதுமா?

வாரத்தில் ஆறு நாள் காலையில் மைக் முன்னால் உட்கார்ந்து, எந்தச் சாலையில் நெரிசல், எங்கே விபத்து என்று சொல்லிவிட்டு, "பத்திரமா வண்டி ஓட்டுங்க" என்று முடிப்பது என் வேலை. அப்படி ஊருக்கெல்லாம் சொல்கிற நான், என் சொந்த அக்கா மகன் விஷயத்தில் செய்த ஒரு காரியத்தைத்தான் இந்த வாரம் எழுதப் போகிறேன்.

அக்கா குடும்பம் கேமரன் மலையில், ரிங்லெட் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் இருக்கிறது. அத்தான் தேயிலை ஆலையில் ஃபிட்டர். மகனுக்கு 15 வயது. சுவரில் அசிசுல்ஹஸ்னி அவாங் படம். வாசலில் ஒரு மவுண்டன் சைக்கிள். என்னோடு வேலை செய்த ஒருவரிடமிருந்து, அவன் 13 வயதாக இருந்தபோது நான் வாங்கிக் கொடுத்த பழைய சைக்கிள் அது.

இரண்டு வருடத்தில் பையன் மூங்கில் மாதிரி வளர்ந்துவிட்டான். ஒவ்வொரு பள்ளி விடுமுறைக்கும் நான் போவேன். "சித்தி, முட்டி இடிக்குது" என்பான். அலன் சாவியை எடுப்பேன், கிளாம்பைத் தளர்த்துவேன், சீட்டைத் தூக்கி இறுக்குவேன். அவன் ஏறி ஒரு சுற்றுச் சுற்றி வந்து கட்டைவிரலைக் காட்டுவான். வேலை முடிந்தது. தீபாவளிக்குத் துணி எடுத்துக் கொடுத்த மாதிரி எனக்கும் ஒரு திருப்தி.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அக்காவிடமிருந்து அழைப்பு. பையன் தோட்டத்து இறக்கத்தில் வந்திருக்கிறான். ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறியதும் சீட் பின்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. சீட்டைத் தாங்கும் குழாய், அதாவது சீட் போஸ்ட், வளைந்துவிட்டது. நல்ல வேளை, ஒடியவில்லை. தேயிலைச் செடிமேல் விழுந்ததால் முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. அதே பள்ளம் இன்னும் 500 மீட்டர் கீழே, காய்கறி லாரிகள் ஓடும் தாப்பா சாலையில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அக்கா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அவள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வளைந்த குழாயில், கிளாம்புக்கு மேலே நான்கு விரல் உயரத்தில், ஒரு கோடு செதுக்கியிருந்தது. பக்கத்தில் பொடி எழுத்தில் ஏதோ எழுத்து. அந்தக் கோட்டை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். கம்பெனி முத்திரை என்று நினைத்திருந்தேன்.

அது முத்திரை இல்லை. "இந்தக் கோடு ஃபிரேமுக்குள் இருக்க வேண்டும், வெளியே தெரியக் கூடாது" என்பதற்கான எச்சரிக்கை. ஏறக்குறைய எல்லா சீட் போஸ்ட்டிலும் இருக்கிறது. மேலே உட்காரும் ஆளின் எடை குழாயை நெம்புகோல் மாதிரி பின்னால் தள்ளுகிறது. உள்ளே போதிய நீளம் இருந்தால் அந்த விசை ஃபிரேம் குழாய் நெடுகப் பரவும். உள்ளே கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் மொத்த விசையும் ஓரிரு இடத்தில் விழும். போஸ்ட் வளையும், ஒடியும். இல்லையென்றால் ஃபிரேமே விரியும். எங்கள் பழைய போஸ்ட் 300 மி.மீ. நீளம். அதில் 270 மி.மீ. வெளியே. ஃபிரேமுக்குள் வெறும் 30 மி.மீ.! தூக்கி வைத்தது நான்தான்.

"ரெண்டு வாரமா கிரீச் கிரீச்சுன்னு சத்தம் வருதுன்னு சொல்லிட்டிருந்தான். நீ பார்த்து வெச்சதுதானே, சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்" என்றாள் அக்கா. திட்டியிருந்தால் பரவாயில்லை.

சரி, புதிய போஸ்ட் வாங்க வேண்டும். இங்கே என் இரண்டாவது தவறு. பையனிடம் "விட்டம் எவ்வளவுன்னு அளந்து சொல்லு" என்றேன். பள்ளி ரூலரை வைத்து "31 மில்லிமீட்டர் சித்தி" என்றான். இணையக் கடையில் தேடினேன். 31.6 என்று ஒன்று இருந்தது. 31 என்றால் இதுவாகத்தான் இருக்கும் என்று உடனே வாங்கிவிட்டேன். சனிக்கிழமை நிகழ்ச்சி முடிந்ததும் அதைப் பெருமையாகக் காரில் போட்டுக்கொண்டு மலை ஏறினேன். போஸ்ட் உள்ளே போகவில்லை. கிரீஸ் தடவியும் போகவில்லை.

"கொஞ்சம் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சா போயிடும் இல்ல அத்தான்?" என்று கேட்டேன்.

அத்தான் பதில் பேசாமல் எழுந்து போய், பட்டறையிலிருந்து வெர்னியர் காலிபர் கொண்டு வந்தார். பழைய போஸ்டில் வளையாத பகுதியாகப் பார்த்து, மூன்று இடத்தில், திருப்பித் திருப்பி அளந்தார். "முப்பது புள்ளி ஒன்பது" என்றார். பிறகு என் புதுப் போஸ்டைக் கையில் எடுத்து, "தேய்ச்சா சுவர் மெலிசாகும். மெலிசான இடத்துலதான் ஒடியும்" என்றார். அதோடு சரி. வீட்டில் 30 வருட அனுபவமுள்ள ஃபிட்டர் இருக்கும்போது, கோலாலம்பூரில் உட்கார்ந்து கைப்பேசியைத் தட்டிக்கொண்டிருந்த ஆள் நான்.

அன்று கற்றது இது: சீட் போஸ்ட் விட்டத்தில் "கிட்டத்தட்ட" என்ற பேச்சே கிடையாது. இப்போது வரும் மவுண்டன் சைக்கிள்களில் பெரும்பாலும் 27.2, 30.9, 31.6 ஆகிய மூன்று அளவுகளைக் காணலாம், சிலவற்றில் 34.9. பழைய சைக்கிள்களில் 0.2 மி.மீ. வித்தியாசத்தில்கூட அளவுகள் உண்டு. 27.0 வேண்டிய இடத்தில் 27.2 போகாது. 27.2 வேண்டிய இடத்தில் 27.0 போட்டால் உள்ளே போகும். ஆனால் கிளாம்பை எவ்வளவு இறுக்கினாலும் மெல்ல இறங்கும், ஃபிரேமின் வாயும் நசுங்கும். பழைய போஸ்டை வெளியே எடுத்து அடிப்பக்கம் பாருங்கள். அந்த எச்சரிக்கைக் கோட்டுக்கு அருகிலேயே விட்டம் பொறித்திருக்கும். எழுத்து அழிந்திருந்தால் வெர்னியரால் அளக்க வேண்டும். ரூலர் உதவாது.

ஃபிரேமின் துளையைவிடச் சிறிய போஸ்ட் மட்டும் கைவசம் இருந்தால், நடுவில் செருக அதற்கென்றே செய்த அலுமினிய உறை கிடைக்கிறது. 30.9 ஃபிரேமில் 27.2 போஸ்ட் போட அதற்கேற்ற உறை உண்டு. டின்னை வெட்டிச் சுருட்டிச் செருகும் வித்தை வேண்டாம். பெரிய போஸ்டைச் சின்னத் துளையில் போட வழியே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பையனையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு தானா ராத்தா, பிரிஞ்சாங், கம்போங் ராஜா, சிம்பாங் பூலாய் என்று இறங்கி ஈப்போ போனோம். கடைக்காரச் சீன அங்கிள் வளைந்த போஸ்டைப் பார்த்ததும் "தா போலே, தா போலே" என்று தலையை ஆட்டினார். வளைந்த போஸ்டை நிமிர்த்திப் போடவே கூடாதாம். ஒரு தடவை வளைந்த அலுமினியத்தை நேராக்கினால் அது கண்ணுக்குத்தான் நேர். உள்ளே பலம் போய்விடும்.

பிறகு அவர் செய்த வேலைதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. போஸ்டைப் பற்றிப் பேசும் முன்னே, ஃபிரேமின் சீட் குழாயைத் துணியால் சுத்தமாகத் துடைத்தார். கிளாம்பைக் கழற்றினார். டார்ச் அடித்து, வெல்டு வைத்த இடத்தைச் சுற்றி நகத்தால் தடவினார். பெயின்டில் மயிரிழை மாதிரி ஒரு கோடு இருந்தாலும் ஃபிரேம் வெடித்திருக்கலாம், அதற்குப் புது போஸ்ட் வாங்குவது வீண், ஆபத்தும்கூட என்றார். அந்த இரண்டு நிமிடம் பையன் மூச்சு விடவில்லை. சைக்கிள் போய்விடுமோ என்று அவனுக்குப் பயம். எனக்கு வேறு பயம்.

"ஃபிரேம் ஓகே" என்றார்.

அடுத்தது நீளம். இதுவே எங்கள் வியாதிக்கு நேர் மருந்து. சரியான சீட் உயரத்தை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு எளிய வழி ஒன்றைக் காட்டினார். சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் நேராக உட்கார்ந்து, பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து, குதிகாலை அதன்மேல் வைக்க வேண்டும். கால் நேராக நீண்டிருந்தால் உயரம் சரி. ஓட்டும்போது முன்பாதத்தை வைப்போம் அல்லவா, அப்போது முட்டி இலேசாக மடங்கி இருக்கும். குதிகால் எட்டாமல் இடுப்பு ஆடினால் சீட் அதிகம் உயரம். குதிகால் வைத்தும் முட்டி மடங்கினால் தாழ்வு.

பையனுக்கு ஃபிரேமுக்கு மேலே 270 மி.மீ. தேவைப்பட்டது. என் கண்ணளவு இந்த ஒன்றில் சரியாக இருந்திருக்கிறது! உள்ளே குறைந்தது 100 மி.மீ. இருக்கட்டும் என்பது கடைக்காரர்களின் பொதுக் கணக்கு. இன்னொரு நிபந்தனையும் உண்டு. போஸ்டின் அடிமுனை, ஃபிரேமின் மேல் குழாய் வந்து சேரும் வெல்டையும் தாண்டிக் கீழே இருக்க வேண்டும். எங்கள் ஃபிரேமில் அந்த வெல்டின் அடி 90 மி.மீ. ஆழத்தில் இருந்தது. இந்த இரண்டில் எது அதிகமோ அதுவே நம் கணக்கு. ஆக 270-உம் 100-உம் சேர்த்து 370. கடையில் 350-உம் இருந்தது, 400-உம் இருந்தது. 400 எடுத்தோம். இப்போது உள்ளே 130 மி.மீ. இருக்கிறது. இன்னும் 3 சென்டிமீட்டர் தூக்கலாம். அதற்கு மேல் கூடாது.

"அதுக்கு மேல வளர்ந்தா?" என்று பையன் கேட்டான்.

"அதுக்கு மேல வளர்ந்தா சைக்கிள்தான் சின்னது" என்றேன், நானே கண்டுபிடித்த மாதிரி. 400 மி.மீ. போஸ்டும் போதாத நிலை வந்தால், பெரிய ஃபிரேம் வாங்கும் நேரம் வந்துவிட்டது என்று பொருள். சின்ன சைக்கிளைப் பெரிய ஆளுக்கு ஏற்றதாக மாற்ற போஸ்டால் முடியாது.

உலோகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கார்பன் போஸ்ட் இலேசானது, அதிர்வையும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். ஆனால் கிளாம்பை அதிகமாக இறுக்கினாலோ ஆழமாகக் கீறல் விழுந்தாலோ, சொல்லாமல் கொள்ளாமல் உடையும். அதற்கு கிரீஸ் போடக் கூடாது, தனிப் பசை இருக்கிறது. அடிக்கடி கீழே போடும் 15 வயதுப் பையனுக்கு அலுமினியம் போதும். அது ஆபத்து வரும்போது, எங்களுக்கு நடந்த மாதிரி, வளைந்தாவது காட்டும். ஆனால் அதை நம்பி ஓட்ட முடியாது, அலுமினியமும் ஒடியக்கூடியதுதான். சீட்டின் அடியில் இருக்கும் இரண்டு கம்பிகள் சாதாரணமாக 7 மி.மீ. உருண்டை. விலை உயர்ந்த கார்பன் சீட்டுகளில் அது நீள்வட்டம். அதற்குப் பிடி வேறு. போஸ்டின் தலை நேராக இருக்கிறதா, பின்பக்கம் சாய்ந்து இருக்கிறதா என்றும் பாருங்கள். பழையது எப்படியோ அப்படியே வாங்குவது நல்லது. இல்லாவிட்டால் ஹேண்டலுக்கும் உடம்புக்கும் உள்ள தூரம் மாறி முதுகு வலிக்கும்.

இதற்குள் பையனின் கண் கண்ணாடிப் பெட்டிக்குப் போய்விட்டது. "சித்தி, டிராப்பர்!"

ஹேண்டலில் ஒரு சின்ன நெம்புகோல். அதை அழுத்தியபடி உட்கார்ந்தால் சீட் இறங்கும். எழுந்து அழுத்தினால் தானே மேலே வரும். இதற்குப் பெயர் டிராப்பர் போஸ்ட். ஆடம்பரம் என்று நினைத்தேன். காரணம் கேட்டதும் மனம் மாறியது. செங்குத்தான இறக்கத்தில் சீட் உயரமாக இருந்தால் உடம்பைப் பின்னுக்கும் கீழேயும் கொண்டுபோக முடியாது. முன் சக்கரம் ஒரு கல்லில் தட்டினால் ஆள் ஹேண்டலைத் தாண்டிப் போய் விழுவான். சீட் தாழ்ந்தால் உடம்பு தாழும், பிடி கிடைக்கும்.

இந்த யோசனை பழையது. 1980-களில் கலிஃபோர்னியாவில் ஜோ பிரீஸ், ஜாஷ் ஏஞ்சல் என்ற இருவர் 'ஹைட் ரைட்' என்று ஒரு ஸ்பிரிங்கைக் கொண்டுவந்தார்கள். கிளாம்பைத் திறந்து உட்கார்ந்தால் சீட் இறங்கும், எழுந்தால் ஸ்பிரிங் அதே இடத்துக்குத் தூக்கிவிடும். அந்த விதையில் வளர்ந்தவைதான் இன்றைய டிராப்பர்கள். 2022 மார்ச்சில், ஸ்லோவேனியாவின் மத்தேய் மொஹோரிச் இதைச் சாலை சைக்கிளில் பொருத்திக்கொண்டு, ஏறக்குறைய 300 கிலோமீட்டர் ஓடும் மிலான்-சான் ரெமோ பந்தயத்தின் கடைசி இறக்கத்தில் எல்லாரையும் விட்டுவிட்டுப் பறந்து ஜெயித்தார். பையனுக்கு இந்தக் கதை மனப்பாடம். கடையிலேயே ஒப்பித்தான்.

ஆனால் டிராப்பர் கேபிள் உள்ளே போக ஃபிரேமில் துளை வேண்டும். எங்கள் ஃபிரேமில் இல்லை. வெளியே கேபிள் வரும் வகை இருக்கிறது. இருந்தாலும் எடை சாதாரண போஸ்டைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். பராமரிப்பும் உண்டு. கடையில் இருந்ததிலேயே மலிவானது, நாங்கள் எடுத்த போஸ்டைப்போல ஐந்து மடங்கு விலை. இன்னும் ஓரிரு வருடத்தில் சின்னதாகப் போகும் ஃபிரேமுக்கு அது நியாயமான செலவாகத் தெரியவில்லை.

பையன் முகம் வாடியது. அங்கிள்தான் வழி சொன்னார். சாவி இல்லாமல் கையாலேயே திறந்து மூடும் கிளாம்ப் ஒன்றைப் போட்டுக்கொடுத்தார். இறக்கம் தொடங்கும் இடத்தில் நின்று, கிளாம்பைத் திறந்து, சீட்டை 10 சென்டிமீட்டர் இறக்கி மூட வேண்டியதுதான். மேலே ஏறும்போது மறுபடி தூக்க வேண்டும். போஸ்டில் இன்சுலேஷன் டேப்பால் ஓர் அடையாளம் சுற்றிவிட்டால் தினமும் அதே உயரம். (சந்தையில் நிறுத்தும்போது மட்டும் ஜாக்கிரதை. கையால் கழற்றலாம் என்றால் திருடனுக்கும் கை இருக்கிறது.)

மொத்தச் செலவு 110 வெள்ளி. என் 31.6 போஸ்ட் அலமாரியில் பாடமாகக் கிடக்கிறது.

மலை திரும்பியதும் அத்தானே பொருத்தினார். ஃபிரேமின் உள்பக்கத்தைத் துடைத்து, மெலிசாக கிரீஸ் தடவினார். கேமரனில் மழைக்கும் பனிக்கும் பஞ்சமில்லை. போஸ்ட் வழியாக இறங்கும் ஈரம் உள்ளேயே தங்கி, உலோகத்தோடு உலோகம் ஒட்டிக்கொள்ளும். இரும்பு ஃபிரேமில் அலுமினியப் போஸ்ட் என்றால் இன்னும் மோசம். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கழற்றித் துடைத்துப் போட வேண்டும்.

மாலையில் அத்தானோடு தோட்டத்துப் பாதையில் நடந்தேன். 1885-இல் வில்லியம் கேமரன் நில அளவைக்கு வந்த மலை. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் 'போ' தேயிலையைத் தொடங்கிய மலை. எங்கள் பாட்டி கூடை சுமந்து நடந்த மலையும் இதுதான். கொழுந்து ஏற்றும் வண்டிகளுக்காகப் போட்ட பாதைகள் இவை. சைக்கிளுக்காகப் போட்டவை அல்ல. தோட்டத்து அனுமதி இல்லாமல் வெளியாட்கள் உள்ளே ஓட்டக் கூடாது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

அத்தான் ஒரு செடியைத் தொட்டுக் காட்டினார். "விட்டா இது மரமா வளரும். கை எட்டணும்னுதான் கவாத்து வெட்டி இந்த உயரத்துல வெச்சிருக்கோம்." கொஞ்ச தூரம் போனபின், "பிள்ளையைக் கவாத்து பண்ண முடியாது. அவன் வளர வளர நாமதான் பார்த்துக்கிட்டே இருக்கணும்" என்றார்.

அன்றிலிருந்து பையனோடு ஓர் ஒப்பந்தம். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவன் போஸ்டைப் படமெடுத்து எனக்கு அனுப்ப வேண்டும். "கோடு தெரியல சித்தி" என்று கீழே எழுதியிருக்கும். சத்தம் ஏதாவது வந்தால் ஓட்டுவதை நிறுத்திவிட்டு முதலில் அப்பாவிடம் சொல்ல வேண்டும், எனக்கு அப்புறம் சொன்னால் போதும்.

உங்கள் வீட்டிலும் வளர்கிற பிள்ளையும் ஒரு பழைய சைக்கிளும் இருக்கலாம். பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, வாசலுக்குப் போய் ஒரு நிமிடம் குனிந்து பாருங்கள். கோடு தெரிகிறதா? தெரிந்தால் இன்றைக்குச் சைக்கிள் வீட்டிலேயே நிற்கட்டும்.